பல்லைப் பிடித்துப் பார்த்து ஆள் எடுக்கலாமா?

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வில்லியனூரிலிருந்து விழுப்புரம் ரோட்டைப் பிடித்து மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? ஒருதரம் போய்ப் பாருங்கள். ஆபீசில் 'ஃபீவர்' என்று சொல்லிக் கொள்ளலாம்.

மாடு வாங்க வருகிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா? அப்புறம் சுழி. நெற்றியில் இருந்தால் ஒரு பலன், முதுகில் இருந்தால் வேறு பலன். அப்புறம் திமில், குளம்பு, வால். பத்தடி நடத்திப் பார்ப்பார். கடைசியில் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையை மூடிக்கொள்ள, உள்ளே விரல்கள் பேசும். வெளியே நிற்கிற நமக்கு ஒரு மண்ணும் புரியாது. ரெண்டு பேரும் ஏதோ சத்தியம் பண்ணிக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

என் பெரியப்பா இந்த வித்தையில் மன்னன். வில்லியனூர்ப் பக்கம் மாடு வாங்குகிறவர்கள் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். டீச் செலவும் ஒரு துண்டும்தான் கமிஷன். ஒருநாள் கேட்டேன்: "பெரியப்பா, நீங்க பார்த்து வாங்கினதுல எத்தனை மாடு சரியா வந்துது?"

"இன்னாடா கேள்வி இது? பல்லைப் பார்த்தா வயசு தெரியும். சுழியைப் பார்த்தா ராசி தெரியும். மாடு எப்படின்னு ஏர்ல பூட்டினாத்தான்டா தெரியும்."

2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். துண்டு இல்லை, அதற்குப் பதில் ஏ.சி. ஹால், நம்பர் அட்டை, மேஜைக்கு மேஜை லேப்டாப். மற்றபடி அதே சந்தை!

2013-ல் தொடங்கி 2017-ல் நின்றுபோன லீக் அது. ஏழு வருஷம் தூங்கி எழுந்து மறுபடி கடை விரித்தார்கள். ஆண்கள் பிரிவில் எட்டு டீம். ஒவ்வொரு டீமின் கையிலும் 4 கோடி ரூபாய். அதற்குள் 24 பேரை எடுத்தாக வேண்டும். அவர்களில் இந்தியர்கள் 16 பேர், அந்தப் பதினாறில் ஜூனியர்கள் நாலு பேர் கட்டாயம். மாதச் சம்பளத்தில் வாடகை, பால், சீட்டு, மச்சினன் கல்யாணம் எல்லாவற்றையும் பங்கு போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கின் கஷ்டம் புரியும். முதல் தேதியே பட்டுப்புடவை எடுத்துவிட்டால் இருபதாம் தேதி என்ன ஆகும்?

இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். சூர்மா ஹாக்கி கிளப் கொத்திக்கொண்டு போனது. அந்த ஏலத்திலேயே அதுதான் உச்ச விலை. பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து அடிப்பதில் மகா கெட்டிக்காரர். அவருக்கு அந்த விலை ஞாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

அதே ஏலத்தில் அதே வேலையைச் செய்கிற இன்னொருவரை வங்காள டீம் 48 லட்சத்துக்கு எடுத்தது. பெயர் ஜுக்ராஜ் சிங். பஞ்சாபில் அட்டாரி ஊர். பாகிஸ்தான் எல்லையில் தினமும் சாயங்காலம் கொடி இறக்குவார்களே, அந்த இடம்தான். சின்ன வயதில் அங்கே வருகிற கூட்டத்திடம் கொடியும் தண்ணீர் பாட்டிலும் விற்றவர், மூட்டை தூக்கியவர். 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸுக்கு ஆள் எடுத்தபோது அவரை ஸ்டாண்ட்-பை வரிசையில் வைத்தார்கள். கல்யாணத்துக்குக் கூட்டிப்போய் பந்தியில் உட்கார வைக்காத மாதிரி! ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த மாசமே, செப்டம்பரில், ஆசியன் சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனலில் சீனாவுக்கு எதிராக இந்தியா அடித்தது ஒரே ஒரு கோல். அடித்தவர் ஜுக்ராஜ். 2025 பிப்ரவரி 1-ம் தேதி ரூர்கேலாவில் லீக் ஃபைனல். ஹைதராபாத்தை 4-3 என்று வங்காளம் ஜெயித்தது. நாலில் மூன்று கோல் ஜுக்ராஜ்!

உடனே 'வங்காள டீம் மேனேஜர் மகா மேதை' என்று எழுதிவிடலாம். அங்கேதான் நான் கொஞ்சம் தயங்குகிறேன். 48 லட்சம் கொடுத்தவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்தார்களா? இல்லை, 78 லட்சம் கையை விட்டுப் போனதால் அடுத்த கடைக்குப் போனார்களா? ஏல ஹாலுக்குள்ளும் விரல்கள் துண்டுக்குள்தான் பேசுகின்றன.

ஆள் எடுப்பதையே ஒரு சாஸ்திரமாக வைத்திருக்கிறவர்கள் அமெரிக்கா, கனடாக்காரர்கள். அவர்களுடையது பனித்தரை ஹாக்கி. காலில் கத்தி கட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி அடித்துக்கொள்வார்கள் (ரப்பர் வட்டையும்தான்). அங்கே ஒவ்வொரு டீமுக்கும் 'ஜெனரல் மேனேஜர்' என்று ஒருவர் இருப்பார். கோச் வேறு, இவர் வேறு. ஆளைத் தேடுவது, எடுப்பது, விற்பது இவர் பாடு. 1963-லிருந்து வருஷா வருஷம் கூடி, இளம் பையன்களைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். இதில் ஏலம் கிடையாது, வரிசைதான். போன வருஷம் மட்டமாக ஆடிய டீம்களுக்கு முன்வரிசை. கடைசி பெஞ்சுக்காரனுக்கு முதல் லட்டு! (நம் ஸ்கூலில் இந்தத் திட்டம் இருந்திருந்தால் நான் கொழுத்துப்போயிருப்பேன்.)

பதினெட்டு வயசுப் பையனைப் பார்த்து இவன் இருபத்தெட்டில் எப்படி இருப்பான் என்று சொல்ல வேண்டும். சார், நம் வீட்டுப் பையன் அடுத்த செமஸ்டரில் எப்படி இருப்பான் என்றே நம்மால் சொல்ல முடியவில்லை.

1993-ல் ஒட்டாவா டீம் முதல் ஆளாக எடுத்தது அலெக்ஸாண்டர் டெய்க் என்ற பையனை. பெரிய சூரன் என்று ஊரெல்லாம் பேச்சு. விளையாடுவதற்கு முன்பே அஞ்சு வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம். இரண்டாவதாக எடுக்கப்பட்டவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்கிற ரீதியில் பையன் பேட்டியும் கொடுத்துவிட்டான். அந்த இரண்டாவது ஆள் கிரிஸ் ப்ரோங்கர். 2000-ல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம். டெய்க்? புதுப் பையன்களுக்கு இனி இவ்வளவுதான் சம்பளம் என்று லீக் உச்சவரம்பு கொண்டுவந்ததற்கு ஒரு காரணமாக அவர் பெயரைச் சொல்கிறார்கள். சரித்திரத்தில் இடம்பிடிக்க எத்தனையோ வழி!

இன்னொரு கூத்து. 1974-ல் டிராஃப்டை ரகசியமாக டெலிபோனிலேயே நடத்தினார்கள். ரவுண்டு மேல் ரவுண்டாக ஜவ்வாக இழுத்தது. பஃபலோ டீமின் ஜெனரல் மேனேஜர் பஞ்ச் இம்லாக்குக்கு பொறுமை போய்விட்டது. பதினோராவது ரவுண்டில், 183-வது ஆளாக, "டாரோ சுஜிமோட்டோ, டோக்கியோ கட்டானாஸ் டீம்" என்று ஒரு ஜப்பான் பெயரைச் சொன்னார். லீக் ஆபீசும் பவ்யமாக எழுதிக்கொண்டது. பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு ஆளும் கிடையாது, டீமும் கிடையாது! அன்று எடுக்கப்பட்ட எத்தனையோ நிஜ மனிதர்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள், சுஜிமோட்டோவை மட்டும் பஃபலோ ரசிகர்கள் மறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவரும் ஒரு தப்பும் செய்யவில்லையே.

சிரிப்பு போகட்டும். அந்த ஊரில் ஆள் எடுப்பதில் யார் கில்லாடி என்று கேட்டால் ரொம்பப் பேர் டெட்ராய்ட் டீமைச் சொல்வார்கள். 1989-ல் ஸ்வீடனிலிருந்து நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் என்ற பையனை 53-வது ஆளாகவும், சோவியத் ரஷ்யாவிலிருந்து செர்கய் ஃபெடரோவை 74-வது ஆளாகவும் எடுத்தார்கள். ரெண்டு பேருமே பிற்பாடு மலைகள். லிட்ஸ்ட்ரோம் நாலு தடவை ஸ்டான்லி கோப்பை ஜெயித்தவர். ஃபெடரோவ் கெட்டிக்காரன் என்று மற்ற டீம்களுக்கும் தெரியும். ஆனால் 'ரஷ்யாக்காரன் ஆளை வெளியே விடுவானா? எதுக்கு வீணா ஒரு சான்ஸைத் தொலைக்கணும்?' என்று விட்டுவிட்டார்கள். டிராஃப்ட் நடந்தது ஜூன் மாசம். நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கு ஆட வந்த ஃபெடரோவ் அப்படியே டெட்ராய்ட்டுக்குக் கம்பி நீட்டிவிட்டார்!

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். அதே 1989-ல் டெட்ராய்ட் தன் முதல் ரெண்டு சான்ஸில் எடுத்தது லிட்ஸ்ட்ரோமை இல்லை, வேறு ரெண்டு பேரை. லிட்ஸ்ட்ரோம் இவ்வளவு பெரிய ஆளாக வருவார் என்று நிஜமாகவே தெரிந்திருந்தால் 53 வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்களா? நடுவில் எவனாவது எடுத்திருந்தால்? 1998-லும் அதே கதை. பாவெல் டாட்சியுக் என்ற ரஷ்யப் பையன், குள்ளம், ஒல்லி. அதற்கு முந்தின ரெண்டு வருஷமும் ஒருத்தரும் சீண்டவில்லை. டெட்ராய்ட்டும் அந்த வருஷம் வேறு பலரை எடுத்து முடித்துவிட்டு 171-வது ஆளாகத்தான் எடுத்தது. அவரும் பின்னால் ஜாம்பவான்.

அதாவது, கில்லாடிக்கும் கண் அப்படியொன்றும் கூர்மை இல்லை. மற்றவர்கள் போகாத ஊருக்கு அவன் ஆள் அனுப்பினான். எடுத்த பையனை அவசரப்படாமல் விட்டு வைத்தான். மிச்சம் அதிர்ஷ்டம்.

நம் பக்கம் இந்தக் காரியத்தைச் சத்தம் போடாமல் செய்த ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய், தீப்பெட்டி, அப்புறம் ஹாக்கி. அங்கே அரசு விளையாட்டு விடுதியில் பையன்களைச் சேர்த்து, சோறு போட்டு, காலையும் மாலையும் மட்டையைக் கையில் கொடுத்தார்கள். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் அந்த விடுதியில் வளர்ந்த ரெண்டு பேர் இந்தியச் சட்டை போட்டார்கள். கோவில்பட்டி மாரீஸ்வரன், அரியலூர் கார்த்தி. கார்த்தி ஒரு வாட்ச்மேன் மகன். 2023-ல் சென்னையில் ஆசியன் சாம்பியன்ஸ் டிராஃபியை 4-3 என்று மலேசியாவிடமிருந்து பறித்த டீமிலும் கார்த்தி இருந்தார். அரியலூரில் இருந்த பையனுக்குக் கோவில்பட்டியில் ஒரு கட்டில் போட்டார்களே, அதுதான் என் கண்ணுக்கு ஒரிஜினல் 'டிராஃப்ட்'.

சரி, நம்ம பாண்டிக்கு வருவோம்.

எங்களுக்கும் ஹாக்கி சங்கம் உண்டு. பெயரைக் கேளுங்கள், 'லெ புதுச்சேரி ஹாக்கி'. பிரெஞ்சுக்காரன் போனாலும் அந்த 'லெ' போகவில்லை! ஆனால் பாகூர் கொம்யூனில் நான் போன ஊர்களில் பையன்கள் ஹாக்கி மட்டையைப் பார்த்தது ஸ்கூலில் பி.டி. சார் ரூமில், அதுவும் பூட்டின பீரோவுக்குள்தான். கிரிக்கெட்டுக்குத்தான் ரசிகர்கள். கபடிக்குத்தான் ஆட்கள்.

கிரிக்கெட்டில் 2018-ல் புதுச்சேரிக்கு ரஞ்சி டிராஃபி கதவு திறந்தது. டீமுக்கு பலம் வேண்டுமே என்று அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பாரஸ் டோக்ரா என்று வெளியூர்ப் பெரிய பெயர்களை அழைத்து வந்தார்கள். ரூல்படி சரிதான். முதல் வருஷமே ஜெயிக்க ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் அதற்குப் பிறகும் டீம் லிஸ்ட் வந்தால் உள்ளூர்ப் பெயர் எங்கே என்று விரல் வைத்துத் தேடுகிற பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. 2025 டிசம்பரில் 19 வயதுக்குட்பட்டோர் டீமின் பயிற்சியாளரை அடித்து மண்டையில் தையல் போட வைத்துவிட்டார்கள். டீமில் எடுக்காத ஆத்திரம் என்று போலீசில் வழக்கானது. அடித்தது அக்கிரமம், அதில் ரெண்டு பேச்சே இல்லை. ஆனால் எடுக்கப்படாதவன் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஏனென்றால், நானும் ஒருவனை எடுக்காமல் விட்டவன்.

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிராமம். பேர் வேண்டாம், அந்த ரோட்டில் இன்னும் நான் போய்வர வேண்டியிருக்கிறது. என் மாமா ஊர். காணும் பொங்கலுக்குக் கபடிப் போட்டி, 60 கிலோ பிரிவு. பையன்களுக்கு பனியன் ஸ்பான்சர் நான். பனியன் வாங்கிக் கொடுக்கிறவன்தான் மேனேஜர் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அப்படித்தான் நான் ஜெனரல் மேனேஜர் ஆனேன்.

இருபது பேரில் பன்னிரண்டு பேரை எடுக்க வேண்டும். பதினோரு பேர் சுலபமாகத் தேறிவிட்டார்கள். கடைசி இடத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தன் காலேஜ் பையன். உயரம், ஷூ, ரெண்டு முட்டிக்கும் 'நீ-கேப்'. தொடையைத் தட்டினால் ஏரிக்கு அந்தக் கரையில் கேட்கும். இன்னொருத்தன் கரும்பு வெட்டப் போய்விட்டு லேட்டாக வந்தான். சைக்கிள் கேரியரில் அரிவாள், வெறுங்கால், ஒடிசலான உடம்பு. ரெண்டே ரெய்டு போனான். ரெண்டிலும் தொட்டுவிட்டு வந்தான். எதிரில் நின்ற பையன்கள் அசால்ட்டாக இருந்தார்கள் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். ஆபீஸ் இன்டர்வியூவில் டை கட்டி வந்தவனுக்கு ரெண்டு மார்க் கூடப் போடுகிற அதே கை!

"மாப்ளே, அந்தக் கரும்பு வெட்டுற பையனைப் போடு" என்றார் மாமா.

"ஒடிசலா இருக்கான் மாமா. முதல் பிடியிலயே ஒடிஞ்சிடுவான்."

பக்கத்து ஊர் டீமில் ஒரு ஆள் குறைந்தது. அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். விதி, முதல் ரவுண்டே எங்களுக்கும் அவர்களுக்கும்! பையன் ஏறினான். பாட்டு வாய்க்குள்ளேயே இருந்தது, காதில் விழவே இல்லை. காலேஜ் பையனின் கணுக்காலைத் தொட்டான், அப்படியே ஒரு குதி, இன்னும் ரெண்டு பேர். மூன்று பேரை வெளியே அனுப்பிவிட்டுக் கோட்டைத் தாண்டி நின்றான். நான் வாங்கிக் கொடுத்த பனியன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வேண்டுமே. முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டினோம்.

போகும்போது என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"வரன்ணா" என்றான். அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டி.வி.யில் ஏலக்காரர்கள் செய்வதைப் பார்த்து 'முட்டாப் பசங்க' என்று திட்டுவதை அதோடு நிறுத்தினேன். நம்ம தமிழ் தலைவாஸ் டீமையே பாருங்கள். 2022 கபடி ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2 கோடியே 26 லட்சம் கொடுத்தார்கள். கையில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. முதல் மேட்சிலேயே முழங்கால் போயிற்று. சீசன் முழுக்க மனுஷன் பெஞ்சில். ஏலத்தில் பெரிதாக யாரும் பேசாத நரேந்தர் என்ற புதுப் பையன் ஏறி ஏறி 200-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தான். அதுவரை அரையிறுதியையே எட்டிப் பார்க்காத தலைவாஸ் அந்த வருஷம்தான் முதல்முறையாக அங்கே போனது. பவனுக்குக் காலில் அடி படாமல் இருந்திருந்தால் நரேந்தருக்கு அத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா? எந்த மேனேஜர் கணக்கில் இதை வரவு வைப்பது?

மேனேஜரை எடைபோடுகிறவர்கள் எல்லாரும் ஒரு கணக்கைத்தான் பார்க்கிறார்கள். எடுத்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், கொடுத்த விலைக்கு ஆடினார்களா என்று. எடுக்காமல் விட்டதை எந்த நோட்டில் எழுதுவது? அமெரிக்காவில் விட்டவன் வேறு டீமில் போய் கோல் அடித்துக் காட்டுவான், பேப்பரில் வந்து மேனேஜர் மானம் போகும். அட்டாரிப் பையன் ஒலிம்பிக்ஸ் பஸ்ஸை விட்டாலும் அடுத்த மாசம் பதில் சொல்ல ஒரு ஃபைனல் இருந்தது. பாகூரில் விட்டால்? அவனுக்குக் காணும் பொங்கல் ஒன்றுதான் பரீட்சை. அதிலும் வினாத்தாள் என்னைப் போன்ற ஆள் கையில்.

அந்தப் பையனைப் பிற்பாடு ஒருதரம் பார்த்தேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட். நைட் முடித்து வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தான். கபடி ஆடுறியா என்றேன். "எங்கண்ணா... லீவே கிடைக்கல" என்று சிரித்தான். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

இந்த வருஷப் பொங்கலுக்கும் பனியன் என் தலையில்தான் விழுந்தது. இந்தத் தடவை உஷாராக, செலக்‌ஷனுக்குப் பெரியப்பாவையும் பாகூருக்குக் கூட்டிப்போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வரிசையாக நின்ற பையன்களை மேலும் கீழும் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"என்ன பெரியப்பா, யாரைப் போடலாம்?"

"நான் இன்னாத்தைக் கண்டன்? எல்லாப் பசங்களையும் ஒரு மாசம் ஆட விடு. அப்புறமா வந்து கேளு."

"அவ்ளோ நாள் இல்லியே பெரியப்பா. நாளைக்குப் பேர் கொடுக்கணும்."

"அப்ப பல்லைக் காட்டச் சொல்லு."